நாகர்கோவில்ல பைசா வாங்கிட்டு இன்டர்ன்ஷிப் தாரோம்னு கூப்பிட்டா போகாதீங்க

நான் பி.எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம், ஊரு கருங்கல் பக்கம். லீவுல ஒரு மாசம் இன்டர்ன்ஷிப் முடிச்சு சர்டிபிகேட் வைக்கணும்னு காலேஜ்ல சொன்னாவ. திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல நாலஞ்சு கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதிலே வரல்ல. அப்பதான் வாட்ஸ்அப்ல ஒரு போஸ்டர் வந்துச்சு, செட்டிகுளம் பக்கம் ஆபீஸ், வெப் டெவலப்மென்ட், 30 நாள், முடிச்சா அங்கயே வேலைன்னு.

4500 ரூவா. அம்மை மகளிர் குழுவுல லோன் எடுத்து தந்த பைசா. ஜீபே பண்ணினது ஒரு ஆளுக்க பெர்சனல் நம்பருக்கு, பில்லு கேட்டா கடைசியில சேத்து தாரோம்னாவ. பிளஸ் டூ மார்க்‌ஷீட் ஒரிஜினலையும் வாங்கி வச்சாவ. சுவத்துல சிங்க முத்திரை உள்ள ஒரு சர்டிபிகேட்ட பிரேம் போட்டு மாட்டியிருந்தாவ, மத்திய அரசு அங்கீகாரம்னு அதைக் காட்டினதும் அம்மை உடனே நம்பிட்டா. பொறவு சித்தப்பா மவன் பாத்துட்டுதான் சொன்னான், அது உத்யம் பதிவாக்கும், சின்ன தொழில் நடத்துக யாரும் ஆதாரும் பானும் வச்சு ஆன்லைன்ல காசில்லாம எடுக்கலாம், படிச்சுக் குடுக்கதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னு.

ரெண்டு நாள் யூடியூப் வீடியோ போட்டு எச்டிஎம்எல் காட்டினாவ. மூணாம் நாள் ஒரு ஹெட்செட்டும் நீள நோட்டும் தந்தாவ. நோட்டுல ஸ்கூல் வாரியா பிளஸ் டூ முடிச்ச பிள்ளையளுக்க பேரு, நம்பர், சிலதுல அப்பாக்க நம்பர் கூட இருந்துச்சு, இதெல்லாம் எப்படி இவங்க கைக்கு வந்துச்சுன்னு இப்பவும் எனக்கு வெளங்கல்ல. ஒரு நாளைக்கு 60 கால், அதே கோர்ஸ், அதே 4500. கம்யூனிகேஷன் டிரெய்னிங்னாவ. மார்க்‌ஷீட் அங்க மாட்டிக்கிடந்ததால நானும் பேசினேன். குளச்சல்ல இருந்து ஒரு பிள்ளை, "அக்கா நீங்க அங்க என்ன படிச்சிய?"ன்னு கேட்டா. பதில் சொல்ல முடியல்ல, போனை வச்சுட்டேன், மறுநாள் முதல் போகல்ல.

மார்க்‌ஷீட்டை எங்க மாமா நேர்ல போய் சத்தம் போட்ட பொறவுதான் தந்தாவ. கூடவே ஒரு சர்டிபிகேட்டும், நான் சேந்த தேதிக்கு முந்தின தேதி போட்டு. எச்ஓடி அதை ஏத்துக்கல்ல. பைசாவும் இன்னும் வரல்ல.

ஒரிஜினல் யாருக்கும் குடுக்காண்டாம், ஜெராக்ஸ் போதும். பில்லு இல்லாம ஒரு ரூவா அனுப்பாதீங்க. தொழில்நுட்பக் கல்விக்குள்ள மத்திய அரசு அமைப்பான ஏஐசிடிஇக்க இன்டர்ன்ஷிப் போர்ட்டல்ல ரெஜிஸ்டர் பண்ண காசு கிடையாது, தமிழ்நாடு அரசுக்க 'நான் முதல்வன்' திறன் பயிற்சி கோர்ஸும் காலேஜ் வழியா இருக்கு, அதை முதல்ல கேளுங்க. ஏற்கெனவே கட்டினவிய தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு கூப்பிட்டு புகார் பதிஞ்சுக்கிடுங்க. நாகர்கோவில் நுகர்வோர் கமிஷன்லயும் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் பீஸ் இல்ல, வக்கீலும் வேணும்னு இல்ல, நான் ஜீபே ஸ்கிரீன்ஷாட், சாட் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், அடுத்த வாரம் குடுக்கப் போறேன்.

மே மாசம் ஒரு அக்கா கூப்பிட்டு வெப் டெவலப்மென்ட் படிக்கலாம்னு சொன்னது இதை வாசிக்க யாருக்காவது ஞாபகம் இருந்தா, அது நானாக்கும். கட்டாதீங்க மக்களே.