துபாய் நர்ஸ் லைசென்ஸ் ‘பேக்கேஜ்’: மார்த்தாண்டம் பக்கம் எனக்கு நடந்தது

குமரி மாவட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம்.மோ முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் பேப்பர் நகர்த்திக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும். மார்த்தாண்டம் வட்டாரத்தில் ஒரு அலுவலகம் எனக்குத் தெரியாமல் என் பெயரில் போலி அனுபவச் சான்றிதழ் தயாரித்து வளைகுடா நாடுகளுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோ நிறுவனத்துக்கு அனுப்பியது. இப்போது என் பெயரில் ‘நெகட்டிவ்’ ரிப்போர்ட், அதாவது சான்றிதழ் உண்மையல்ல என்ற முடிவு, கிடக்கிறது. போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். விசாரணை நடப்பதால் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிற ஆட்கள் வேறும் உண்டு, அதனால் பெயரைவிட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

பேக்கேஜ் ₹1,85,000, மூன்று தவணை. டேட்டாஃப்ளோ, லைசென்ஸுக்கான ப்ரோமெட்ரிக் கம்ப்யூட்டர் பரீட்சை, கடைசியில் லைசென்ஸ், எல்லாம் அவர்கள் பொறுப்பு. “மக்களே, நீ ஒண்ணுக்கும் பேடிக்காண்டாம். படிச்சா மட்டும் போரும்” என்றார் அங்கிருந்த அண்ணன். நைட் டியூட்டி முடித்து வந்து விழுகிற ஆளுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறில்லை. அம்மாவின் மாலை அடகுக்குப் போனது.

முதலில் என் பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கினார்கள். அதற்கு அவர்களுடைய செல் நம்பர். துபாய் சுகாதார ஆணையத்தின் லைசென்ஸ் விண்ணப்பத் தளமான ஷெர்யானில் கணக்கு, டேட்டாஃப்ளோ கணக்கு, பரீட்சைக் கணக்கு எல்லாம் அந்த மெயிலில்தான். “ஓ.டி.பி. வரும்போ நீ வார்டுல நிப்ப, எடுக்க ஒக்காது” என்று காரணம் சொன்னார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பிறகு என் விண்ணப்பம் பற்றி வந்த ஒரு கடிதம்கூட என் கண்ணில் படவில்லை. பாஸ்வேர்டு கேட்டால், “சர்வர் பிரச்சினை, நாளைக்கு”.

அடுத்து ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள். டிகிரி, மார்க் லிஸ்ட், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, எல்லாம் அவர்கள் பீரோவுக்குள் போனது. டேட்டாஃப்ளோவுக்கு ஸ்கேன் செய்த காப்பி போதும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஒரிஜினலைப் பிடித்து வைப்பது, நாம் பாதியில் விலகாமலிருக்க.

பெரிய வினை அனுபவச் சான்றிதழில்தான். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்கு ஒன்றேமுக்கால் வருட சர்வீஸ். “ரெண்டு வருஷம் தெகையல்லியே, நாங்க சரியாக்கித் தாறோம்” என்றார். வேண்டாம் அண்ணே, இன்னும் சில மாசம் வேலை பார்த்துவிட்டு உள்ளதைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் எழுதினேன், அந்த மெசேஜ்தான் இன்றைக்குப் புகாரில் எனக்குத் துணை. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த வாரமே போலியை ஏற்றிவிட்டார்கள்.

டேட்டாஃப்ளோ ஏஜென்டிடம் கேட்காது, நம்மிடமும் கேட்காது. சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே நேரடியாக எழுதும். டிகிரிக்குப் பல்கலைக்கழகம், பதிவுக்கு கவுன்சில், அனுபவத்துக்கு ஆஸ்பத்திரி. பெங்களூரில் படித்துவிட்டு வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு கர்நாடகா வரைக்கும் விசாரிப்பு போகும். அப்படித்தான் எங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மேடம் கைக்கு அந்தப் போலி லெட்டர் சரிபார்க்க வந்தது. என்னைக் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் மேசையில் வைத்தார்.

நான் சேர்ந்த தேதி சரி. முடிந்த தேதி இன்னும் வரவே இல்லாத ஒரு மாதம். ஜெனரல் வார்டு நர்ஸான நான் அதில் ஐ.சி.யூ. நர்ஸ். கையெழுத்து, நான் சேருமுன்பே ரிட்டயர் ஆன பழைய மேடத்துடையது. லெட்டர்ஹெட்டில் போன் நம்பர் 04651 என்று தொடங்கியது. அது மார்த்தாண்டம் பக்கத்துக் கோடு. நாகர்கோவிலுக்கு 04652 என்று எங்கள் வாட்ச்மேனுக்கே தெரியும். ஆஸ்பத்திரி, “இது நாங்கள் கொடுத்ததல்ல” என்று பதில் எழுதியது. வேறென்ன எழுத முடியும்? மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பாததே பெரிய காரியம்.

ரிப்போர்ட்டில் ஏஜென்ட் பெயர் எங்கேயும் இருக்காது. போலி கொடுத்தவள் நான் என்றுதான் பதிவு. துபாய் இல்லாவிட்டால் சவுதி, கத்தார், ஓமான் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அங்கேயும் இதே டேட்டாஃப்ளோதான்.

இன்னொரு பொய், “லைசென்ஸ் கையில் தருவோம்” என்பது. பரீட்சையும் பாஸாகி, டேட்டாஃப்ளோவும் நல்லபடியாக வந்தால் துபாயில் கிடைப்பது எலிஜிபிலிட்டி லெட்டர், தகுதி உண்டு என்ற கடிதம் மட்டும். அங்கே ஒரு ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்த பிறகுதான் லைசென்ஸ் உயிர்பெறும். வேலை இல்லாமல் லைசென்ஸை யாரும் பொட்டலம் கட்டித் தர முடியாது. நமக்குப் பதிலாகப் பரீட்சை எழுதவும் “ஆள் உண்டு” என்று சாடையாகச் சொன்னார்கள். நைஜீரியாவின் இபடான் நகரில் ஒரு மையத்தில் பிரிட்டன் நர்சிங் பரீட்சையில் முறைகேடு என்று 2023-இல் வெளிவந்தபோது, பாஸாகி பிரிட்டனில் வேலையில் இருந்தவர்களையும் விசாரித்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதை உற்றுப் பார்த்தேன். ‘ஆவண ஆலோசனைக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. வேலை என்றோ லைசென்ஸ் என்றோ ஒரு எழுத்து இல்லை. காரணம் உண்டு. குவைத் வேலைக்கு நர்ஸ்களிடம் லட்சக்கணக்கில் பிடுங்கிய விவகாரம் வெடித்ததும், 2015-இல் மத்திய அரசு அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ்களை எடுப்பதை அரசு ஏஜென்சிகளிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அதனால் இவர்கள் ‘நாங்கள் ஆளெடுக்கவில்லை, பேப்பர் வேலைதான்’ என்று பலகை மாட்டுகிறார்கள். போலீஸிடமும் அதையே சொன்னார்கள். உங்களிடம் வேலையும் சேர்த்துத் தருகிறோம் என்றால், மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள். பதிவுள்ள ஏஜென்டே ₹30,000-மும் ஜி.எஸ்.டி.யும் தாண்டி வாங்கக்கூடாது.

ஒரிஜினலைத் தர ‘கேன்சலேஷன் சார்ஜ்’ ₹25,000 கேட்டார்கள். புகார் போனதும் சத்தமில்லாமல் ஒரு கவரில் கொடுத்தனுப்பினார்கள். டிகிரி சர்டிபிகேட்டில் ஃபைலில் கோர்ப்பதற்கு இரண்டு ஓட்டை குத்தியிருக்கிறார்கள். முத்திரை மேலேயே ஒன்று.

மேடம் என் உண்மையான சர்வீஸ் தேதிகளையும், போலி லெட்டர் ஆஸ்பத்திரியில் கொடுத்ததல்ல என்பதையும் எழுதிக் கொடுத்தார். அதையும் சி.எஸ்.ஆர். காப்பியையும் வைத்து என் சொந்த மெயிலிலிருந்து டேட்டாஃப்ளோவுக்கு அப்பீல் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பணமும் வரவில்லை. நேரடியாகவே கட்டியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. எல்லாக் கட்டணமும் அந்தந்தத் தளத்தில் கார்டு போட்டே கட்டலாம்.

அந்த ஆட்கள் இப்போது இடம் மாறி ஜெர்மனிக்கு ஆள் சேர்க்கிறார்களாம். “மொழியெல்லாம் அங்க போயிப் படிக்கலாம், போன உடனே நர்ஸ் வேலை” என்கிறார்களாம். அங்கே நர்ஸாக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பொதுவாக பி2 நிலைத் தேர்ச்சி வேண்டும். கருங்கல், திங்கள்சந்தை பக்கம் யாராவது முன்பணம் கொடுக்கக் கிளம்பினால் இதைக் காட்டுங்கள்.