‘பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் அக்கா’ என்று முயல் கேட்டு வருபவரிடம் எச்சரிக்கை

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் முயல் வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வளர்க்க முடியாமல் முயல்களை இலவசமாகக் கொடுக்க முன்வருபவர்களிடம் பாசமாகப் பேசி, வாங்கிப்போய் விற்றுவிடும் ஆள் ஒருவர் இருக்கிறார். எங்கள் பஞ்சுவையும் மிளகையும் அப்படித்தான் கொண்டுபோனார்.

பஞ்சு வெள்ளைப் பெண் முயல். மிளகு சாம்பல் நிற ஆண். வலது காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். குட்டியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவை. மாமியாருக்கு மூச்சுத்திணறல் அதிகமாகி, ரோமமும் புல் தூசியும் கூடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால்தான் கொடுக்க நேர்ந்தது. இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நான் வைத்த நிபந்தனை.

அவர் மனைவி என்று ஒரு பெண்ணையும், மகள் என்று ஒரு சிறுமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சிறுமி யார் வீட்டுப் பிள்ளையோ, இன்றுவரை தெரியவில்லை. கூண்டின் படம் காட்டினார், முகவரி எழுதிக் கொடுத்தார். முயல்களை மடியில் வைத்தும் தரையில் விட்டும் நிறையப் படம் எடுத்தார். ஆசையில் எடுக்கிறார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். கூண்டு, புல் மூட்டை, நகவெட்டி எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினோம்.

அதன்பிறகு நாங்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு படம் வரும். ‘நன்றாகச் சாப்பிடுகிறார்கள் அக்கா’ என்று கூடவே ஒரு வரி. நேரில் பார்க்க வருகிறோம் என்றால் மட்டும் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இல்லையென்றால் ஊரில் ஒரு சாவு. ஒருநாள் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முயல்களுக்குக் கீழே இருந்தது எங்கள் கூடத்து மொசைக் தரை. ஓரத்தில் என் மாமியாரின் செருப்பு. அன்றைக்கு எங்கள் வீட்டில் எடுத்த படங்களையே ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

இணைய விற்பனைத் தளங்களில் தேடியபோது பஞ்சு கிடைத்தது. ‘நன்றாகக் குட்டி ஈனும் தாய் முயல்’ என்று விளம்பரம். அது அதுவரை ஒரு குட்டிகூட ஈன்றதில்லை. தோழி ஒருத்தி வாங்குபவர் போலப் பேசி, ஜோடியாகக் கிடைக்குமா என்று கேட்டாள். ‘ஆண் கறிக்குப் போய்விட்டது. காயடித்த ஆணை வைத்துத் தீவனம் போட முடியுமா?’ என்றார். மிளகுக்குக் கருத்தடை செய்திருந்ததை அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன், அவன் சாதுவாக இருப்பான், பயப்படாதீர்கள் என்பதற்காக.

முயல் பண்ணை வைத்திருப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே இறைச்சி முயல் வளர்ப்பைச் சொல்லிக்கொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கித் தொழில் செய்வது வேறு. ஒரு குடும்பத்தின் பிள்ளை போல வளர்ந்ததைப் பொய் சொல்லி வாங்கிக் கசாப்புக்கு அனுப்புவது வேறு.

பஞ்சுவைப் பணம் கொடுத்தே மீட்டோம். கம்பிவலை மேல் நின்று நின்று பின்னங்கால்களின் அடியில் ரோமம் போய்ப் புண்ணாகியிருந்தது. முருங்கைக்கீரையை மூக்கருகில் வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. முயல் அரைநாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்து. மருத்துவர் சொன்னபடி ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்துக் கொடுத்துத்தான் தேற்றினோம். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. சினையாகவும் இருக்கிறது.

காவல் நிலையத்தில், நீங்களாகத்தானே இலவசமாகக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். பொய் சொல்லி ஒருவருடைய உடைமையைக் கொடுக்கவைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின்படி மோசடிதான். முகவரி, படங்கள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் இணைத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். நீங்களும் முயலைக் கொடுப்பதாக இருந்தால், வளர்ப்பதற்கு மட்டும், விற்கவோ பிரிக்கவோ கூடாது, முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். விற்பதற்காக வருபவர் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் தயங்குவார்.

வளர்க்க நினைப்பவர் என்ன தின்னும், வெயில் தாங்குமா, எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்றுதான் கேட்பார். இவர் முதலில் கேட்டது எத்தனை மாதம், பெண் குட்டி போட்டிருக்கிறதா என்று. நீங்களே முயலை அவர்கள் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். கூண்டு வெயில்படும் மாடியில் இருக்கிறதா, நிழலில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவருக்குக் கொடுக்காதீர்கள். ஆணுக்கு மட்டுமல்ல, முயல் அறுவை சிகிச்சையில் பழக்கமுள்ள மருத்துவர் கிடைத்தால் பெண்ணுக்கும் கருத்தடை செய்துவிட்டுக் கொடுப்பது நல்லது. குட்டிக்காகத் தேடுபவர் தானாக விலகிவிடுவார். ஆனால் மிளகின் கதியையும் மறக்காதீர்கள். வீட்டைப் பார்க்காமல் அதை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம்.

அவர் எண்ணை மாற்றிவிட்டார். போன வாரம் குரோம்பேட்டையில் முயல் கொடுக்கவிருந்த ஒருவருக்கு, ‘பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் அக்கா, இரண்டையும் பிரிக்காமல் வைத்துக்கொள்கிறோம்’ என்று அதே வரிகளில் செய்தி வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்தால் படம்பிடித்து வையுங்கள், முயலைக் கொடுக்காதீர்கள்.