கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு போன் திருத்துற கடை

யாழ்ப்பாண ரவுணில் போன் திருத்த எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இந்தச் சின்னக் கடையைத்தான். ஒரு மேசை, ஒரு சோல்டரிங் அயன், ஏசி கிடையாது. ஆனால் கடைக்கார அண்ணை பொய் சொல்லமாட்டார், எனக்கு அதுதான் பெரிசு.

என் போனின் பின்மூடி கிளம்பிவிட்டது. வேறொரு பெரிய கடையில் மதர்போர்ட் போய்விட்டது, புதிதாக எடுங்கள் என்றார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறின பிறகு புதுப் போன் என்ன லேசான காரியமா? இவர் என் கண்முன்னாலேயே மூடியைச் சூடாக்கிக் கழற்றி, தலையணை மாதிரி ஊதிப்போயிருந்த பற்றரியைக் காட்டி, "தம்பி, போர்ட்டுக்கு ஒண்டுமில்லை, பற்றரி பழசாகி உள்ளுக்க காஸ் சேர்ந்திட்டுது, இனி சார்ஜ் போடாதேங்கோ" என்றார். மாற்றிப் போடுவது ஒரிஜினல் இல்லை என்பதையும் காசு வாங்க முதலே சொல்லிவிட்டார்.

உள்ளே தட்டில் பழைய ரேடியோக்கள் இருக்கின்றன, அவற்றையும் திருத்துகிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் இது. இருப்பதைத் திருத்திப் பாவிக்கிற அந்தப் பழக்கம் இப்போது குறைந்துவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

வேலை கொஞ்சம் மெதுவு. காட் எடுக்கமாட்டார், காசாகக் கொண்டு போங்கள். மத்தியானம் பூட்டிவிடுவார், காலமையே போவது நல்லது.