செப்டிக் டேங்கா, இரட்டைக் குழியா?

பென்னாகரம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கழிப்பறைக்குப் பெரும்பாலும் செப்டிக் டேங்கைத்தான் கேட்கிறார்கள். அது கழிவை முழுசாகச் சுத்தமாக்கிவிடாது. கசடு அடியில் தங்கும்; வழிந்து வெளியேறும் நீரில் கிருமிகள் இருக்கும். அந்த நீருக்குத் தனியாக உறிஞ்சு குழி வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க லாரி வேறு. எங்கள் சந்தில் டிராக்டரே திரும்பாது!

இரட்டைக் குழி என்பது மாறி மாறிப் பயன்படுத்தும் இரண்டு குழிகள். ஒன்று நிரம்பினால், கழிப்பறைக் குழாய் இரண்டாகப் பிரியும் சிறு தொட்டியில் இருக்கும் செங்கல்லை இடம் மாற்றி வைத்தால் போதும், கழிவு மற்றதற்குப் போகும். மூடிய குழி இரண்டு வருடத்தில் மக்கி, வாடையில்லாத கறுப்பு மண்ணாகிவிடும்; மண்வெட்டியால் அள்ளி மாமரத்துக்குப் போடலாம். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நாலடியில் பாறை தட்டுகிற இடத்திலும், கிணற்றுக்கு 10 மீட்டருக்குள்ளும் வேண்டாம். அப்புறம், பாத்திரம் கழுவும் நீரை இதில் விடாதீர்கள்; அது வாழைக்குப் போகட்டும்.