சாவி இல்லாமலே பாடும் ஸ்டீரியோ: பழைய கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டில் ஓடுவது 2007ஆம் ஆண்டு பதிவான சான்ட்ரோ ஸிங். அப்பா பணி ஓய்வு பெற்றபோது வாங்கியது. 2022இல் பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் 5,000 ரூபாய் கட்டணம் செலுத்திப் பதிவைப் புதுப்பித்து, மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு ஆயுள் வாங்கி வைத்திருக்கிறோம். எஞ்சினில் குறை சொல்ல இன்றும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு ஸ்டீரியோ மாட்டப்போய், தேவையில்லாத பேட்டரி ஒன்றுக்கும் தேவையில்லாத டைனமோ வேலை ஒன்றுக்கும் பணம் கொடுத்து, கடைசியில் நெடுஞ்சாலையில் டேஷ்போர்டிலிருந்து புகை வரும் நிலைவரை போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். இதே வேலையை இதே விதமாகச் செய்யும் கடைகள் ஊருக்கு நாலு இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

2024 செப்டம்பரில், சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் தொடுதிரை வைத்த ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ 9,000, இருக்கைக்கு அடியில் வைக்கும் ஆம்ப்ளிஃபையருடன் கூடிய பேஸ் டியூப் (அடிக்குரல் ஸ்பீக்கர்) 5,500, ரிவர்ஸ் கேமரா 1,200, மாட்டும் கூலி 1,000 என்று மொத்தம் 16,700 ரூபாய்க்குப் பேசி முடித்தேன். பழைய ஸ்டீரியோவின் பின்னால் இருந்த, வயர்களைச் சேர்த்துச் சொருகும் பிளாஸ்டிக் கப்ளரைக் கடைப் பையன் கட்டிங் பிளேயரால் ஒரே நறுக்காக நறுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அப்படித்தான் செய்ய வேண்டிய வேலை போலும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைக்காரர் சாவியை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, பாட்டு தொடர்ந்து ஓடுவதைப் பெருமையாகக் காட்டினார். "சாவியே வேணாம் சார், நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கலாம். வேணாம்னா இந்தப் பட்டனை அமுக்குங்க, ஆஃப்" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. அப்பாவுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

அன்றைக்கே இரண்டு விஷயங்கள் கண்ணிலும் காதிலும் பட்டன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம்போல ஒரு கூவல் ஏறி இறங்கியது. கேட்டதற்கு, வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பேஸ் டியூபின் ஓரத்தில் இருந்த சின்ன நீல விளக்கு, இரவு வண்டியைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் இருக்கைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது. அது அலங்காரத்துக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறன்று ஓட்டி நிறுத்திய வண்டி செவ்வாய்க்கிழமை காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பி அதே கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு கருவியைப் பேட்டரியில் வைத்து, முள் சிவப்புக்குப் போவதைக் காட்டி, செல் போய்விட்டது என்றார். அந்தப் பேட்டரிக்கு வயது 14 மாதம்; 36 மாத வாரண்டி அட்டை வீட்டில் இருந்தது. வாரண்டியில் அலைந்தால் பத்து நாள் ஆகும், எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் 700 ரூபாய் கழித்து 3,400க்குப் புதிதே போட்டுத் தருகிறேன் என்று அவசரப்படுத்தினார். சரி என்றேன். சார்ஜ் இறங்கிப்போன எந்த நல்ல பேட்டரியும் அந்தச் சோதனையில் சிவப்பைத்தான் காட்டும் என்பதும், ஓர் இரவு சார்ஜ் போட்டுவிட்டுச் சோதிப்பதே முறை என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வாரண்டியில் இருந்த பேட்டரி அன்றோடு கைவிட்டுப் போனது. இதில் எனக்கு ஆறாத பகுதி இதுதான்.

புதுப் பேட்டரியும் அக்டோபர் நடுவில் அதேபோல் படுத்துவிட்டது. இந்த முறை டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்று சொல்லி, அதைக் கழற்றித் தங்களுக்குத் தெரிந்த பட்டறைக்கு அனுப்பி, கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மாற்றியதாக 2,800 ரூபாய் வாங்கினார்கள். மாற்றியதாகச் சொன்ன பழைய பொருளைக் கேட்டேன். பட்டறையிலேயே போட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. நவம்பரில் பாட்டைச் சற்றுக் கூட்டி வைத்தபோது ஸ்டீரியோவும் அதனுடன் வண்டியின் உள்விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஃபியூஸ் போய்விட்டது என்று 200 ரூபாய்க்கு வேறொன்று சொருகி அனுப்பினார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. நல்ல ஃபியூஸ் என்று மகிழ்ந்தேன்.

டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் கும்பகோணம் புறப்பட்டோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிப் பண்ருட்டிச் சாலையில் திரும்பிய சிறிது நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. முதலில் வெளியே யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். ஸ்டீரியோவின் ஓரத்து இடுக்கிலிருந்து மெல்லிய நீலப் புகை இழையாக வருவதைப் பின்னால் இருந்த என் மகள்தான் பார்த்துக் கத்தினாள். ஓரம் கட்டி, எல்லோரையும் இறக்கி, எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்குக் கட்டுப்படாத ஒரு பொருள் வண்டியில் இருக்கிறது என்பதன் பொருள் எனக்கு அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, அந்த ஃபியூஸைப் பிடுங்கிய பிறகே திரை இருண்டது. மூடியில் அந்த இடத்துக்கு நேராக 15 என்று அச்சிட்டிருந்தது. 15 ஆம்பியர் ஃபியூஸ் நீல நிறம். என் கையில் இருந்தது பச்சை, அதாவது 30 ஆம்பியர்.

ஃபியூஸ் என்பது ஸ்டீரியோவைக் காப்பதற்கு அல்ல, வயரைக் காப்பதற்கு. வயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் போகும்போது, வயர் சூடேறி எரிவதற்கு முன் தான் எரிந்து வழியை அறுத்துவிடுவதே அதன் வேலை. 15 தாங்கும் வயரில் 30 போட்டால், எரிய வேண்டிய பொருள் ஃபியூஸ் அல்ல, வயர் என்று மாற்றி எழுதிக் கொடுத்ததாகத்தான் அர்த்தம்.

கும்பகோணத்தில் உறவினர் ஒருவர் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அழைத்துப் போனார். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும், "தம்பி, இங்க வந்து பாருங்க" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார். ஒரு வயரைக்கூடச் சால்டர் வைத்தோ கிரிம்ப் அடித்தோ இணைத்திருக்கவில்லை. எல்லாம் கையால் முறுக்கி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியது. சென்னை வெயிலில் நின்ற வண்டியின் சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, சுற்றுகள் தாமே அவிழ்ந்து, தொட்டால் விரலில் கரிய பிசினாக ஒட்டியது. நடுவில் ஒரு முடிச்சு மட்டும் டேப்போடு சேர்ந்து உருகிக் கெட்டியாகியிருந்தது. அவர் பிளேடால் கீறிக் காட்டினார். ஸ்டீரியோவிலிருந்து வரும் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கப்பட்டு, அவற்றோடு பேஸ் டியூபுக்குப் போகும் வயரும் சேர்ந்து, மூன்றும் வண்டியின் ஒரே மெல்லிய வயரில் தொங்கின.

கடையில் வாங்கும் ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு தொடர்பில் இருப்பது. நேரம், ரேடியோ நிலையம் போன்றவற்றை மறக்காமல் இருக்க அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். சிவப்பு வயர் ஏசிசி, அதாவது சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வழியில் சேர வேண்டியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் சாவி எப்போதும் போட்டே இருக்கிறது என்று ஸ்டீரியோ நம்பிக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் திரைதான் இருளும். உள்ளே அது விழித்தே இருக்கும். விழித்திருக்கும் வரை, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் வழியாக ஆம்ப்ளிஃபையரையும் தூங்கவிடாது. இருக்கைக்கு அடியில் இரவெல்லாம் எரிந்த நீல விளக்கு அதன் அடையாளம். ஏசிசி வயரைத் தேடிப் பிடிக்கும் பத்து நிமிட வேலையைத் தவிர்ப்பதற்காகச் செய்த குறுக்குவழியைத்தான் கடைக்காரர் வசதி என்று எனக்கு விற்றிருக்கிறார்.

பிறகு ஃபியூஸை மீண்டும் சொருகி அளந்து காட்டினார். சாவியை உருவி, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றிக் கேபிளுக்கும் முனைக்கும் இடையில் வைத்தார். 780 மில்லி ஆம்பியர். என் வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர், அதாவது ஓர் ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறக்குறைய 35 மணி நேரம் வரும். இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 19 ஆம்பியர்-அவர் சும்மாவே ஒழுகுகிறது, இரண்டு நாளில் பேட்டரி காலி. ஸ்டீரியோவின் ஃபியூஸைக் கழற்றியதும் அளவு 20 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. 50க்குள் இருந்தால் கவலையில்லை என்றார். அடுத்து எஞ்சினை ஓட்டிப் பேட்டரி முனைகளில் வோல்ட் பார்த்தார், 14.1 காட்டியது; டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். டைனமோவை இப்போதுதான் சரிசெய்ததாக நான் சொன்னதற்கு, அதன் போல்ட்டுகளைக் காட்டினார். பல வருட எண்ணெய் அழுக்கு அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

இந்த இரண்டு அளவுகளையும் வீட்டிலேயே எடுக்கலாம். நானூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். மின்னோட்டம் அளக்கும்போது மட்டும், மீட்டர் இடையில் இருக்கையில் செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸோ மீட்டரேயோ போய்விடும். புதிதாக ஏதேனும் மாட்டிய பிறகு பேட்டரி இறங்கத் தொடங்கினால், பேட்டரியையோ டைனமோவையோ யாரும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். மாட்டிய கடையிலேயே காரணம் கேட்காதீர்கள். தன் முடிச்சில்தான் பிழை என்று எந்தக் கடையும் சொல்லாது.

திருத்த வேலைக்கு 2,400 ரூபாய் ஆனது. பேஸ் டியூபுக்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள் அதற்கென்று தனி ஃபியூஸ். ஸ்டீரியோவுக்குச் சாவியோடு வரும் ஏசிசி. எல்லா இணைப்புகளுக்கும் சால்டர், மேலே சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய். எர்த் வயரைப் பெயிண்ட் பூசிய தகட்டின் மேல் திருகியிருந்ததைக் கழற்றி, தகட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு மாட்டினார். கொசு ரீங்காரம் அந்த நொடியே நின்றுவிட்டது. வண்டியின் வயதுக்கும் அந்தச் சத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இருந்திருக்கவில்லை. நறுக்கப்பட்ட கப்ளருக்கு மாற்றாக, ஊர் திரும்பியபின் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்த ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். உண்மையில் நறுக்கவே வேண்டியதில்லை. வண்டியின் கப்ளரில் அப்படியே சொருகும் மாற்றுக் கப்ளர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இவற்றைக் கடையிடம் முன்கூட்டியே கேட்டு, கப்ளரை வெட்ட மாட்டோம் என்று சொன்னால் மட்டும் வண்டியைக் கொடுங்கள். ஸ்டீரியோவை உள்ளே தள்ளி மூடுவதற்கு முன், பின்பக்கத்தை ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் கடைக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களைக் காட்டினேன். வெளி ஆள் வயரைத் தொட்டுவிட்டதால் வாரண்டி போய்விட்டது என்றார் கடைக்காரர். பழைய பேட்டரியையாவது கொடுங்கள் என்றதற்கு, அது எப்போதோ எடைக்குப் போய்விட்டது என்றார். என்னிடம் இருந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. எஸ்டிமேட் என்று மேலே எழுதியிருந்தது. நல்லவேளையாகப் பணம் முழுவதையும் கைபேசி வழியாகத்தான் கொடுத்திருந்தேன். தேதியும் தொகையும் வங்கிக் கணக்கில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நான் கேட்பது பேட்டரி, டைனமோ, ஃபியூஸ், திருத்த வேலை சேர்த்து 8,800 ரூபாய். உருகிய முடிச்சையும் பச்சை ஃபியூஸையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

ஸ்டீரியோ இப்போது சாவியை உருவியதும் அணைந்துவிடுகிறது. அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். கோயில் வாசலில் எங்களுக்காகக் காத்திருக்கும்போது பாட்டில்லை என்றார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி வைத்தால் பாடும் என்று காட்டிக்கொடுத்தேன். அந்த வசதி 2007இலிருந்தே வண்டியில் இருந்திருக்கிறது.