எட்டு நாள் மௌனத் தியானம்: விசுவாசம் ஆட்டம் கண்டவர்களுக்கு உதவுமா?

இயேசு சபைக் குருக்கள் நடத்தும் எட்டு நாள் மௌனத் தியானத்துக்குப் போய்விட்டு வந்தேன். பழனி மலைப் பக்கம் ஒரு தியான இல்லம். குறைகளும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. விசுவாசத்தில் சந்தேகம் வந்து, யாரிடம் போய்ச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மன அமைதி வேண்டும், மலைக்காற்று வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடச் சௌகரியமான இடங்கள் நிறைய இருக்கின்றன.

தூத்துக்குடியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் கோவில் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நாங்கள் நம்புவதை எல்லாம் வரிசையாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வாய் அது பாட்டுக்குச் சொல்ல, இதில் எதை நான் நிஜமாகவே நம்புகிறேன் என்று உள்ளே ஒரு கேள்வி எழுந்தது. அடுத்த வாரமும் எழுந்தது. அப்புறம் அந்தக் கேள்வி போகவே இல்லை. வீட்டில் சாவில்லை, நோயில்லை, பெரிய கடனும் இல்லை. ஏதாவது இருந்திருந்தால் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்காவது வசதியாக இருந்திருக்கும்.

இதற்கு முன்னால் போய்ப் பார்த்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜெப உதவி எண்ணுக்கு போன் போட்டேன். எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள். பெயர், ஊர் கேட்டுவிட்டு, "பிரச்சினை என்னக்கா? கடனா, வியாதியா, கல்யாணத் தடையா?" என்றாள். கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகமாக இருக்கிறது என்றேன். அவள் பட்டியலில் அது இல்லை போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, குடும்ப சமாதானத்துக்காக ஜெபித்து வைத்துவிட்டாள். ஓர் எழுப்புதல் கூட்டத்தில் தலையில் கை வைத்து அவிசுவாச ஆவியை விரட்டினார்கள். அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கும் பங்குக் குழுவில், உள்ள பெண்கள், "ஜெபமாலையை மட்டும் விட்ராதீங்கக்கா" என்றார்கள். எல்லாருமே நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எத்தனை நாளாக, எப்படி, எந்த நேரத்தில் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இனி தியானத்துக்கு வருகிறேன். இதன் அடிப்படை புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மப் பயிற்சிகள். 1521-இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டடிபட்டுக் கால் முறிந்த படைவீரர் அவர். அடுத்த ஆண்டு மன்ரேசா என்ற சிற்றூருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார். செய்த பாவங்களை எல்லாம் சரியாக அறிக்கையிட்டோமா இல்லையா என்ற குடைச்சல் முற்றி, அறையில் இருந்த குழியில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போயிருக்கிறார். அங்கே தன் மனம் போன போக்கை எல்லாம் குறித்துவைத்த குறிப்புகளிலிருந்துதான் இந்தப் பயிற்சி பிறந்தது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு அங்கீகாரம் கொடுத்தார். முழுப் பயிற்சி முப்பது நாள். எட்டு நாள் என்பது அதன் சுருக்கம். எங்கள் கடற்கரைக்கு 1542-இல் வந்த சவேரியாரும் இஞ்ஞாசியாரிடமே இந்தப் பயிற்சியைச் செய்தவர்தான். அவர் பெயரில் பள்ளிக்கூடம், தெரு எல்லாம் எங்கள் பக்கம் இருக்கின்றன. அவர் செய்த பயிற்சியைச் செய்து பார்த்தவர்களை எங்கள் தெருவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பதிவு செய்யும்போது ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தியானத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சாமியார் மேடையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பிரசங்கம் வைப்பார். எல்லாரும் கேட்டுவிட்டுக் கலைந்து போவார்கள். மற்றதில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி. தினமும் அரை மணி நேரம் அவரை நேரில் பார்த்துப் பேசலாம். சந்தேகத்தோடு போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. நான் போன இடத்தில் இரண்டையும் கலந்து வைத்திருந்தார்கள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வருடாந்தரத் தியானத்துக்கு வந்த கன்னியர்கள். அதனால் மாலைப் பிரசங்கம் முழுக்கத் துறவற வார்த்தைப்பாடு, மடத்து வாழ்க்கை, சபைத் தலைவிக்குக் கீழ்ப்படிதல் என்றே போனது. புருஷனும் இரண்டு பிள்ளைகளும் சரக்குக் கணக்கும் உள்ள எனக்கு அதில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அந்த நேரத்தில் நடக்கப் போய்விட்டேன், அவரும் தடுக்கவில்லை.

உள்ளே போனதும் செல்போனை வாங்கி ஓர் உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சே கிடையாது. சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தமும் டம்ளர் சத்தமும்தான். இந்த மௌனத்தைப் பற்றிப் போய்வந்தவர்கள் எல்லாரும் உருகி உருகிச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் மிகை. இரண்டாம் நாள் முடிவில் எனக்குள் ஓடியதெல்லாம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும், ஃபிரிட்ஜில் இன்சுலின் வைத்திருக்கிறோமே, கரண்ட் போயிருக்குமா என்ற கவலையும்தான்.

ஒரு நாளைக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் ஜெபம். அதற்கு விவிலியத்தில் ஒரு பகுதி கொடுப்பார்கள். வாசித்துப் பொருள் தேட வேண்டாம். அந்த இடத்தில் நீங்களும் நிற்பதாக நினைத்துப் பாருங்கள், கேளுங்கள், மோந்து பாருங்கள் என்பதுதான் முறை. ஜெபம் வராமல் வறண்டு கிடக்கும்போது ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்துவிடக் கூடாது, முடிந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உட்கார வேண்டும் என்று இஞ்ஞாசியாரே எழுதியிருக்கிறாராம். எனக்கு இது பிடித்திருந்தது. நம்பினால்தான் உட்கார முடியும் என்று இல்லை, நாற்காலி இருந்தால் போதும்.

என் வழிகாட்டி எழுபது வயதைத் தாண்டிய சாமியார். காதில் கருவி மாட்டியிருந்தார், நாம் சொன்னதையே சில நேரம் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் சந்திப்பிலேயே போட்டு உடைத்துவிட்டேன்: "ஃபாதர், கடவுள் இருக்கார்னே இப்போ எனக்கு உறுதியா சொல்ல முடியல." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்போலேருந்தும்மா?"

சொன்னேன்.

"தூக்கம் எப்படி? சாப்பாடு இறங்குதா? காலைல எந்திரிக்கும்போது பாரமா இருக்கா?"

தைராய்டு பரிசோதனை செய்தீர்களா என்றுகூடக் கேட்டார். மருந்துக் கடைக்காரி என்ற முறையில் இதற்கே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். மனச்சோர்வு வேறு, விசுவாசத்தில் வரும் தடுமாற்றம் வேறு; முதலாவதற்கு டாக்டரிடம்தான் போக வேண்டும், அதை ஜெபத்தால் மூடக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்ன முதல் குருவானவர் அவர்தான்.

அடுத்த நாள், மறைக்கல்வி வகுப்பை விட்டுவிடப் போகிறேன் என்றேன். நம்பாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா?

"இந்த முடிவு எப்போ எடுத்தீங்க? மனசு வறண்டதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான், ஃபாதர்."

"அப்போ இப்போ அதைத் தொட வேண்டாம்."

இஞ்ஞாசியார் ஆவிகளைத் தேர்ந்து தெளிய, அதாவது மனதில் எழும் தூண்டுதல்களில் நல்லது எது கெட்டது எது என்று பிரித்தறிய, எழுதிய விதிகளில் ஐந்தாவது இது. வறட்சிக் காலத்தில் புதிய முடிவு எடுக்காதே. அதற்கு முன், மனம் தெளிந்திருந்தபோது எடுத்த முடிவிலேயே நில். நம்பு என்று அந்த விதி அதட்டவில்லை, கொஞ்சம் பொறு என்கிறது. வேண்டுமானால் பிறகு, மனம் அடங்கியிருக்கும்போது விட்டுவிடலாம். பிடிவாதக்காரியான எனக்கே அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

ஆனால் ஒன்பதாவது விதியில் சண்டை வந்துவிட்டது. வறட்சிக்கு மூன்று காரணங்களை அது சொல்கிறது: நாம் ஜெபத்தில் மந்தமாகி அசட்டையாக இருப்பது, ஆறுதல் கிடைக்காதபோது எவ்வளவு தூரம் தாங்குகிறோம் என்று கடவுள் சோதித்துப் பார்ப்பது, ஆறுதல் என்பது நம் சம்பாத்தியம் இல்லை, அவர் இலவசமாகக் கொடுப்பது என்று நமக்குத் தெரியவைப்பது. மூன்றுமே கடவுள் இருக்கிறார் என்பதிலிருந்துதானே தொடங்குகின்றன, என் கேள்வியே அதுதானே என்றேன். முதல் காரணத்தைத்தான் எங்கள் அன்பியமும் ஏற்கெனவே சொல்லிவிட்டதே என்றும் சொன்னேன். சாமியார் சிரித்துவிட்டு, "சரிதான்" என்றார். சமாளிக்கவில்லை. அதோடு இரண்டு பேரை நினைவுபடுத்தினார். குழந்தை இயேசுவின் தெரேசாள், எல்லாக் கோவிலிலும் ரோஜாப் பூவோடு நிற்பவர், 1896 பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலிருந்து 1897-இல் இறக்கும்வரை மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற இருட்டில்தான் கிடந்தார். இறக்கும்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோதுதான் அவருக்கும் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அப்படி இருந்தது பரவலாக வெளியே தெரிந்தது. அந்த இருட்டோடு வாழப் பழகுவதற்கு அவருக்குப் பெரிதும் உதவியவர் இங்கே இந்தியாவில் இறையியல் கற்பித்த ஜோசப் நியூனர் என்ற இயேசு சபைக் குருதான். தெரேசாள் திருவிழாவில் இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட பிரசங்கங்களில் ரோஜாப் பூ வந்தது, எளிய வழி வந்தது, இது மட்டும் வரவே இல்லை. ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குக் கோபமாகவே வந்தது.

எனக்கு ஏதாவது நடந்தது என்றால் அது யோவான் 21-இல்தான். உயிர்த்த இயேசு கரையில் கரித்தீ மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடும் இடம். அங்கே நில்லுங்கள் என்றார்கள், நின்றேன். இயேசுவின் முகம் தெரியவில்லை. வலைதான் தெரிந்தது. பெரிய மீன் நூற்று ஐம்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறதே, உயிர்த்த ஆண்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எவன் உட்கார்ந்து மீனை எண்ணினான் என்று யோசனை ஓடியது. எங்கள் தாத்தா வள்ளத்தில் போனவர். கரைக்கு வந்ததும் முதல் வேலை எண்ணுவதுதான். ஏலத்துக்கு விட வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும், எண்ணாவிட்டால் சண்டை வரும். என்ன அதிசயம் நடந்தாலும் யாராவது ஒருத்தன் எண்ணியிருப்பான். ஒரு மணி நேரம் அந்தக் கணக்கிலேயே போயிற்று. வழிகாட்டியிடம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னேன், ஜெபமே செய்யவில்லை என்று. அவர் கருவியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "நாளைக்கும் அங்கேயே போங்க. அந்த எண்ணுற ஆள் பக்கத்துல உட்காருங்க" என்றார். மறுநாள் உட்கார்ந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் போனது. கண்ணீர் வரவில்லை, குரல் கேட்கவில்லை. கரிப்புகை வாசனை மட்டும் வந்தது.

இனி, கிடைக்காததைச் சொல்ல வேண்டும். என் மறைக்கல்வி வகுப்பில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "டீச்சர், யோசேப்போட அப்பா பேரு மத்தேயுல யாக்கோபு, லூக்கால ஏலி. எது சரி?" என்று கேட்டிருந்தான். அதைச் சாமியாரிடம் கேட்டேன். இயேசுவின் வம்ச வரிசையில் மத்தேயு ஆபிரகாமிலிருந்து இறங்கி வருகிறார், லூக்கா ஆதாம்வரை ஏறிப் போகிறார், இரண்டு பேருக்கும் நோக்கம் வேறு என்றார். சரி, இது நோக்கத்துக்காக எழுதியது என்றால், உயிர்த்த இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்பதும் அப்படித்தானா? எங்கே கோடு போடுவது? "நியாயமான கேள்வி. ஆனா இந்த எட்டு நாள் அதுக்கு இல்லம்மா. அதைத் தனியா உட்கார்ந்து படிக்கணும்" என்றார். நேர்மையான பதில். ஆனால் நூலகத்தில் ஏதாவது பார்க்கலாம் என்று போனால் அலமாரி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பிரதர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார்.

அதனால் என் தீர்ப்பு இது: இந்தத் தியானம் வறட்சிக்கான மருந்து, கேள்விக்கான மருந்து இல்லை. முன்பு ஜெபம் வந்தது, இப்போது வரவில்லை என்பவர்கள் யோசிக்காமல் போகலாம். கடவுள் ஏன் துன்பத்தை விடுகிறார், நற்செய்திகள் எவ்வளவு தூரம் வரலாறு என்று குடைபவர்கள் முதலில் ஒரு நல்ல விவிலிய வகுப்பில் சேருங்கள்; இங்கே பிறகு வரலாம். இரண்டும் உள்ள என்னைப் போன்றவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். மறைக்கல்வி வகுப்பை விடவில்லை. அந்தப் பையனிடம், ரெண்டு பேரும் ரெண்டு விதமாத்தான் எழுதியிருக்காங்க, எனக்கும் அது இடிக்குது என்று சொன்னேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் சில வரிகளில் இன்னமும் தடுக்குகிறது.

மற்ற விவரங்கள்: கட்டணம் என்று சொல்வதில்லை, காணிக்கை என்பார்கள்; ஆனால் தொகையை அவர்களே சொல்லிவிடுவார்கள். மலையில் ஒரு சாதாரண லாட்ஜ் வாடகையைவிடக் குறைவு, மூன்று வேளைச் சாப்பாடும் அதற்குள்ளேயே. சாப்பாடு சுமார், இரவுக் கஞ்சி மட்டும் நன்றாக இருந்தது. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழுவரைதான், அதுவும் கன்னியர்கள் நாலரைக்கே எழுந்து வரிசை போட்டுவிடுவார்கள். வேறு சபைக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், எங்களோடு சி.எஸ்.ஐ. சபை அண்ணன் ஒருவர் இருந்தார், பூசை நேரத்தில் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். மே மாதத்தில் அறை கிடைப்பது கஷ்டம், பிரசங்கமும் கன்னியர்களுக்கென்றே இருக்கும். பொதுநிலையினருக்கு (குருக்களோ கன்னியரோ அல்லாதவர்களுக்கு) எப்போது வைக்கிறீர்கள், தனி வழிகாட்டி கிடைப்பாரா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கொடுப்பது பத்தாது.