கூடைப்பிடி வாள்: எடையும் கைவாகும்

பிடியைச் சுற்றிக் கைக்குக் காவலாக இரும்புக் கம்பிக் கூடை கொண்டது கூடைப்பிடி வாள். 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக் கூடைப்பிடி வாளைப் பார்த்ததும் மூன்று நான்கு கிலோ இருக்கும் என்றுதான் தோன்றும். தராசில் வைத்தால் பெரும்பாலானவை 1.1 முதல் 1.5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அலகு ஏறக்குறைய 80–90 செ.மீ. இருபுறமும் கூர் என்றால் பிராட்ஸ்வோர்ட். ஒருபுறம் கூர், மறுபுறம் தடித்த முதுகு என்றால் பேக்ஸ்வோர்ட்.

அந்தக் கிலோக் கணக்கை மட்டும் நம்பி வாளை எடைபோட்டால் ஏமாறுவோம். கூடையும் பிடியின் கடைசியிலுள்ள குமிழும் முஷ்டியை ஒட்டியே இருப்பதால், மணிக்கட்டைச் சுழற்றும்போது அவற்றின் கனம் அவ்வளவாகத் தெரியாது. கையை நீட்டி, வாளை முகத்துக்கு முன் காவலாகப் பிடித்தபடி நின்றால் தோள் கடுக்கும்போதுதான் தெரியும். மணிக்கட்டைச் சோதிப்பது அலகின் முன்பாதி.

அலகை ஒரு விரலின் மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கூடையின் அடியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். 1.3 கிலோ வாளில் அது 8 செ.மீ. என்றால் கைக்கு வரும் இழுவை 10.4 கிலோ-செ.மீ. அதுவே 14 செ.மீ. என்றால் 18.2. எடை அதேதான், பாரம் முக்கால் பங்கு கூடிவிட்டது.

இந்த அளவிலும் ஒரு வஞ்சகம் உண்டு. மலிவான புதுப் பிரதிகளில் அலகு அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே தடிமன். முன்கனத்தை ஈடுகட்டக் கூடையைக் கனமாக்கிவிடுவார்கள். சமநிலைப் புள்ளி அழகாகக் கைக்கு அருகில் வந்துவிடும். வெட்டை நடுவில் நிறுத்தித் திசை மாற்றும்போது நுனி கேட்காது. ஆகவே வெர்னியர் காலிப்பரை எடுத்து 10 செ.மீ.க்கு ஒருமுறை தடிமனைப் பாருங்கள். நல்ல பழைய அலகு பிடியருகே 5 மி.மீ. அளவில் தொடங்கி, நுனிப்பக்கம் 2 மி.மீ. வரை மெலிந்துகொண்டே போகும். ‘அந்திரேயா ஃபெராரா’ என்ற புகழ்பெற்ற இத்தாலிய வாள்கொல்லரின் பெயர்ப் பொறிப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த அலகுகளிலும் அந்தப் பெயர் தாராளமாக உண்டு. ஒடிந்த நுனியைத் தேய்த்துக் குறுக்கிய அலகும் கையில் வெகு லேசாக விளையாடும். அலகின் நீளவாக்கில் செதுக்கிய நடுப்பள்ளம் நுனிவரை ஓடினால் சந்தேகப்படலாம்.

பிடி குட்டையானது. மரம், அதன்மேல் திருக்கைத் தோல், அதன்மேல் கம்பிச் சுற்று. தடித்த கையுறையோடு கை உள்ளே போகாது. போனாலும் கட்டைவிரல் கம்பிகளில் இடிக்கும். அந்தக் கூடையே கையுறைதானே! உள்ளே இருந்த தோல் அல்லது துணி உறை போய்விட்டிருந்தால், விரல்மூட்டு நேராக இரும்பில் உரசும். குத்துவதற்குக் கையை முழுக்க நீட்டினால் குமிழ் மணிக்கட்டின் அடியில் முட்டும். இந்த வாள் வெட்டுக்குத்தான் இசைந்தது.

ஹைலாண்ட் ரெஜிமென்ட் அதிகாரிகளின் 1828 மாதிரி வேறு சாதி. அலகு ஒடுக்கம், கை லேசு. பழைய அகல அலகின் வெட்டுக்கனத்தை அதில் எதிர்பார்க்க வேண்டாம்.

பிடி ஆடுவது பழைய வாளில் சகஜம். அலகை ஒரு கையால் பிடித்து, குமிழை மறு முஷ்டியால் மெல்லத் தட்டினால் ‘கிணுக்’ என்ற ஓசை கேட்கும். மரம் காய்ந்து சுருங்கியதுதான் பெரும்பாலும் காரணம். அப்படி ஆடும் வாளை வீசவே கூடாது. பிடிக்குள் ஓடி, குமிழுக்கு மேல் துருத்தும் அலகுக் காம்பின் நுனியை மறுபடி சுத்தியலால் அடித்து இறுக்கவும் வேண்டாம்: சுவடு மறையாது, கூடைக் கம்பியின் பழைய பற்றுகளும் விட்டுப்போகலாம். சந்தில் மெல்லிய தோல் துண்டைச் செருகினால் ஆட்டம் அடங்கும், வேண்டாதபோது உருவியும் விடலாம்.

துரு பெரும்பாலும் கூடையின் உட்புறத்தில், உறைத்துணி ஈரம் பிடித்த இடத்தில்தான் தொடங்கும். வெளியே பளபளப்பதைப் பார்த்து விட்டுவிடாமல் துணியை ஓரத்தில் மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். நைட்ரைல் கையுறை போட்டுத் தொடுங்கள். பஞ்சுக் கையுறை வழுக்கும். அலகுக்கு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிய பூச்சாகத் தேய்த்தால் போதும். வாளைத் தோல் வாளுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் மூடிவைக்காதீர்கள். வாளுறை தனியாக, வாள் தனியாக இருக்கட்டும்.